இரைப்பையும் இழிசொல்லும்

"தம்பி, இவ்வளவு உடம்பை வளர்த்தது குற்றமா? நாளைக் காலை இதை அறுக்கக் கொடுக்கப் போகிறேனே, அது குற்றமா? இரண்டில் எது குற்றம் என்று நீதான் சொல்லேன்."

புதுவையில் ஒரு மருத்துவமனை. இரவு பத்து மணி. கேட்டவர் நம்மோடு ஒரே பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர். நம்மைவிடப் பத்தாண்டு மூத்தவர். அண்ணன் என்று அழைத்தே பழகிவிட்டோம். எடை 138 கிலோ. ஆறாண்டாக நீரிழிவு. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் வேறு. மாடி வகுப்புக்கு ஏறிச் சென்றால், பாடத்தைத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நாற்காலியைப் பற்றிக்கொண்டு நிற்பார். மாணவர்கள் வாய்பொத்திச் சிரிப்பார்கள். விடிந்தால் அவருடைய இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி நீக்கப் போகிறார்கள்.

காலையில் மருத்துவர் வந்தார். மாலையில் மயக்க மருந்து தருபவர் வந்தார். உணவு நெறி சொல்லும் அம்மையார் வந்தார். மனநல அறிஞரும் வந்தார். அவர்களில் எவரையும் கேட்காமல் நம்மைக் கேட்டார் அண்ணன். ஏன்? மருத்துவக் கேள்வியாக இருந்திருந்தால் மருத்துவரைக் கேட்டிருப்பார். இஃது அறத்தைப் பற்றிய கேள்வி. அறத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள், ஏட்டில் எழுதுகிறவர்கள், வகுப்பறையில் போதிக்கிறவர்கள் நாம்தாமே! அன்றிரவு நம்மிடம் விடை இல்லை. "உறங்குங்கள் அண்ணா" என்று சொல்லி விளக்கை அணைத்தோம். அணைக்க முடியாத கேள்விக்கு இன்று விடை தேடுகிறோம்.

நோயும் குற்றமும் ஒன்று என்று நம்பிய நாடு இது. அம்மை கண்டால் ஆத்தாள் சினந்தாள் என்றார்கள். கூழ் ஊற்றினார்கள், குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். தொழுநோய் கண்டால் முற்பிறப்பில் செய்த பாவம் என்றார்கள்; ஊருக்கு வெளியே துரத்தினார்கள். பிள்ளை ஊனமாகப் பிறந்தால் பெற்றவளைப் பழித்தார்கள். அறிவு வந்தது, ஒவ்வொரு பழியாகப் பொடியாயிற்று. 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் தொழுநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். பாவம் கிருமியாயிற்று, கிருமிக்கு மருந்து வந்தது. பெரியம்மை 1980 மே மாதத்தில் உலகைவிட்டே ஒழிந்ததாக உலக நலவாழ்வு நிறுவனத்தின் பேரவை அறிவித்தது. ஆத்தாளின் சினம் தணிந்ததாலா ஒழிந்தது? தடுப்பூசி போட்ட கைகளால் ஒழிந்தது.

இதையெல்லாம் மேடைதோறும் முழங்குகிறோம். நன்று. ஆனால், மேடையைவிட்டு இறங்கி வரும் வழியில் பருமனான ஒருவரைக் கண்டால் நம் நாக்கு என்ன சொல்கிறது? "தின்று கொழுத்தவன்." "வாயைக் கட்டத் தெரியாதவள்." "எந்தக் கடையில் அரிசி வாங்குகிறாய்?" இப்படிப் பேசுகிறவர்களில் பழைமைவாதிகள் மட்டுமா இருக்கிறார்கள்? பகுத்தறிவு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். முற்பிறப்பை நீக்கிவிட்டோம், இப்பிறப்பை அந்த இடத்தில் வைத்துக்கொண்டோம். ஊழ்வினையை ஒழித்தோம், உண்ட வினையைப் பிடித்துக்கொண்டோம். வழக்கு மன்றம் மாறியது, தீர்ப்பு மாறவில்லை. நோயுற்றவனே குற்றவாளி!

"மிகுதியாக உண்டால் உடல் பெருக்காதா? இதில் மூடநம்பிக்கை எங்கே வந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உணவுக்கும் உடலுக்கும் தொடர்பு இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால், ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்த இருவரில் ஒருவர் மெலிந்தும் மற்றவர் பருத்தும் இருப்பதேன்? இருவருக்கும் பசி ஒன்றாக இருக்கிறதா? ஆய்வாளர்கள் இதைத்தான் கேட்டார்கள். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த நூற்றுக்கணக்கானோரை ஆராய்ந்து 1986-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். வளர்ந்தவர்களின் உடல் பருமன், சோறூட்டி வளர்த்த பெற்றோரை ஒத்திருக்கவில்லை. கண்ணாலும் காணாத, ஈன்ற பெற்றோரை ஒத்திருந்தது. 1994-இல் லெப்டின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தார்கள்; உடலில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை மூளைக்குச் சொல்லும் தூதுவன் அது. 1999-இல் சப்பானிய அறிஞர்கள் கிரெலின் என்னும் சுரப்பைக் கண்டறிந்தார்கள். இரைப்பையில் பிறந்து, மூளையின் கதவைத் தட்டி, "பசி, பசி" என்று கூவும் தூதுவன். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் இந்தத் தூதுவர்கள் சும்மா இருப்பதில்லை. பஞ்சம் வந்துவிட்டது என்று உடல் எண்ணிக்கொள்கிறது, பசியைக் கூட்டுகிறது, செலவைக் குறைக்கிறது. ஆண்டு முழுதும் உள்ளிருந்து கூவும் குரலோடு போராடுகிற ஒருவரைப் பார்த்து, அந்தக் குரலே கேட்காத மற்றொருவர் "உனக்கு மனவுறுதி இல்லை" என்கிறார். செவிடர் இசைக்குத் தீர்ப்பு வழங்குவது போன்றது இது.

உடல் மட்டுமா காரணம்? ஊரும் காரணம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நாடு முழுவதிலும் பெண்களில் நூற்றுக்கு 24 பேர் மிகை எடை உடையவர்கள். புதுவையிலோ ஆண், பெண் இருபாலரிலும் நூற்றுக்கு 40 பேருக்கு மேல்! புதுவை மக்கள் மட்டும் திடீரென ஒழுக்கம் கெட்டுவிட்டார்களா? வயலில் குனிந்தவன் கடையில் அமர்ந்தான். நடந்தவன் வண்டியில் ஏறினான். சர்க்கரையும் எண்ணெயும் மலிவாயின, காயும் கனியும் விலையேறின. மாற்றம் தெருவில் நிகழ்ந்தது. பழி மட்டும் தனி மனிதனின் தட்டில் விழுந்தது.

இந்த இடத்தில் நம் தோழர் ஒருவர் குறுக்கிட்டார். "பிறப்பால் உயர்வும் தாழ்வும் இல்லை என்பது நம் கொள்கை. உடலைப் பிறப்பு தீர்மானிக்கிறது என்று இப்போது நீரே சொல்லலாமா?" என்றார். சொல்லலாம். பிறப்பு உயரத்தைத் தரலாம், நிறத்தைத் தரலாம், பருமனையும் தரலாம். மதிப்பைத் தர அதற்கு உரிமை இல்லை. கறுத்தவன் இழிந்தவன் அல்லன் என்பது நிறம் பிறவியில் வருவதை மறுப்பதாகுமா? உடலைப் பார்த்து மனிதனுக்கு விலை கட்டாதே என்பதுதான் நம் கொள்கை. தோலின் நிறத்தில் அதைக் கடைப்பிடித்துவிட்டு, தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பில் கைவிட்டால் அது கொள்கையாகாது.

ஆகவே, அண்ணன் கேட்ட முதற்கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. உடம்பு பருத்தது குற்றமன்று. இனி இரண்டாவது கேள்வி. அறுப்பது குற்றமா?

"இயற்கை தந்த உறுப்பை வெட்டுவதா?" என்பார் உண்டு. கண்ணாடி அணிவது இயற்கையா? தடுப்பூசி இயற்கையா? இயற்கைக்கு மாறு என்பதற்காகவே ஒன்றைத் தள்ளினால் மருத்துவத்தையே தள்ள வேண்டும். ஆயினும் இந்த ஐயத்தில் ஒரு பகுதி உண்மை உண்டு. அழுகிய குடல்வாலை வெட்டுவது ஒன்று. நன்றாக வேலை செய்யும் இரைப்பையை வெட்டுவது வேறொன்று. அதனால்தான் என்ன நடக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

நாம் அருகிருந்து கண்டதைச் சொல்கிறோம். அறுவைக்கு இரண்டு கிழமை முன்பே அண்ணனுக்குச் சோறு நிறுத்தப்பட்டது. புரதம் மிகுந்த நீருணவு மட்டும். ஈரல் சுருங்கினால்தான் இரைப்பையை எட்ட முடியுமாம். இரைப்பையின் உட்புறத்தைக் குழாய்விட்டுப் பார்த்தார்கள். இதயத்தைப் பார்த்தார்கள், நுரையீரலைப் பார்த்தார்கள். இரத்தம் கட்டாமலிருக்க ஊசி. கால்களுக்கு இறுக்கமான காலுறை. காலை ஏழரை மணிக்கு உள்ளே அழைத்துச் சென்றார்கள். வயிற்றில் பெரிய வெட்டு இல்லை; ஐந்து சிறு துளைகள். காற்றை நிரப்பி வயிற்றை உப்ப வைத்து, ஒரு துளைவழி ஒளியும் ஒளிப்படக் கருவியும், மற்றவை வழியே கருவிகளும் செல்கின்றன. இரைப்பையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வெட்டித் தைத்து, வெட்டியதை வெளியே எடுத்துவிடுகிறார்கள். எஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். அந்தக் கிரெலின் சுரப்பு மிகுதியாகப் பிறக்கும் பகுதியும் வெட்டுண்ட பகுதியோடு போய்விடுகிறது. ஆகவே உணவு கொள்ளும் இடம் குறைவதோடு பசியின் கூவலும் தணிகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மேசன் என்னும் மருத்துவர் இரைப்பையைக் குறுக்கிணைக்கும் முறையை 1966-இல் தொடங்கியதிலிருந்து படிப்படியாக வளர்ந்த கலை இது.

அன்று மாலையே அண்ணனை எழுப்பி நடக்க வைத்தார்கள். இரு பக்கமும் தாங்கிக்கொள்ள, ஒவ்வோர் அடிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். மறுநாள் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீர் வந்தது: 30 மில்லி. அதைக் குடித்து முடிக்க அவருக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அண்டாச் சோறு தின்பவன் என்று அவரை ஏளனம் பேசியவர்கள் அந்தக் கால் மணி நேரத்தை உடனிருந்து பார்த்திருக்க வேண்டும்! "சுலபமான வழியைத் தேடிக்கொண்டான்" என்று இன்றும் சிலர் பேசுகிறார்கள். சுலபமா? இரண்டு கிழமை நீர், பின்னர்க் குழைந்த உணவு, பின்னர்ச் சிறு சிறு கவளம். உண்ணும்போது நீர் அருந்தக் கூடாது. சில மாதம் தலைமயிர் கொட்டும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பி12 ஆகியவற்றை வாழ்நாள் முழுதும் கவனித்துக்கொள்ள வேண்டும். கவனம் தவறினால் எடை மீண்டும் ஏறவும் கூடும். கத்தி கதவைத் திறக்கிறது. நடக்க வேண்டியவர் நோயாளியே.

பயன் உண்டா? உண்டு. சுவீடன் நாட்டில் 1987 முதல் ஆயிரக்கணக்கானோரைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை செய்துகொண்டோரிடையே இறப்பு, செய்துகொள்ளாதோரைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலருக்கு நீரிழிவு தணிகிறது; மூச்சுத் தடை விலகுகிறது. இடர் உண்டா? அதுவும் உண்டு. தையல் கசியலாம், குருதி பெருகலாம், இரத்தக் கட்டி நுரையீரலை அடைக்கலாம். தேர்ந்த மருத்துவமனைகளிலும் ஆயிரத்தில் ஓரிருவர் உயிரிழப்பதாகக் கணக்கு. எண்ணிக்கை சிறிது, ஆயின் அந்த ஒருவர் ஒரு வீட்டின் முழு உலகம். 2024 ஏப்ரலில் நம் புதுவையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னையை அடுத்த தனியார் மருத்துவமனைக்கு இத்தகைய அறுவைக்காகச் சென்றார், உயிரோடு திரும்பவில்லை. தமிழ்நாடு அரசு விசாரணைக்கு ஆணையிட்டது. அந்தச் செய்தி வந்த நாளில் கடற்கரைச் சாலையில் நடைபயில வந்தவர்கள் பேசிக்கொண்டதை நாம் கேட்டோம். "நடந்தே குறைத்திருக்கலாமே, ஆசைக்குப் போய் உயிரை விட்டானே" என்றார் ஒருவர். இறந்த பின்னும் விடவில்லை பழி! பருத்திருந்தபோது உண்டது குற்றம். குறைக்கச் சென்றபோது ஆசை குற்றம். அந்த மனிதன் எந்தப் பக்கம் திரும்பினால்தான் நம் ஊர் அவனை மன்னிக்கும்?

ஆகவே, அறுவை நல்லதா கெட்டதா என்று பொத்தாம்பொதுவில் கேட்பது வீண். யாருக்கு, எப்போது, எவர் முடிவால் என்று கேட்க வேண்டும். உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் 35-ஐத் தாண்டியவர்களுக்கும், அதற்குக் கீழே இருந்தும் நீரிழிவு போன்ற நோய் முற்றியவர்களுக்கும் அறுவையைப் பரிந்துரைக்கலாம் என்று பன்னாட்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022-இல் நெறி வகுத்தன. ஆசிய மக்களுக்கு அந்த எல்லை இன்னும் குறைவு. அண்ணனின் எண் 49-ஐ நெருங்கியது. எடை குறைக்கும் ஊசி மருந்துகளும் 2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. வழிகள் பல, தேர்ந்தெடுக்க அறிவு வேண்டும். அந்த அறிவை நோயாளிக்குத் தருவது மருத்துவர் காட்டும் சலுகையன்று, நோயாளியின் உரிமை. ஓர் ஆய்வுக்காக மயக்கத்தில் கிடத்தப்பட்ட பெண்ணின் கருப்பையை, வெளியே காத்திருந்த தாயின் ஒப்புதலைப் பெற்று நீக்கிவிட்ட வழக்கில், அந்த ஒப்புதல் செல்லாது என்று 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்ன செய்யப் போகிறார்கள், ஏன், வேறு வழி உண்டா, இடர் என்ன என்பவற்றை அறிந்து தருவதே ஒப்புதல் என்று தெளிவுபடுத்தியது. பெற்ற தாய்க்கும் இல்லாத உரிமை பேசித் திரியும் ஊருக்கு ஏது?

மருத்துவரைக் கும்பிடும் பழக்கமும் நம்மிடம் உண்டு. பிரெஞ்சுக்காரர் 1823-இல் புதுவையில் மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். அதன் வழிவந்த கல்லூரியை 1956-இல் இந்திய அரசு ஏற்றபோது கடவுளின் பெயரைச் சூட்டித் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி என்றார்கள். 1964-இல்தான் ஜிப்மர் என்ற பெயர் வந்தது. பெயர்ப்பலகையிலிருந்து கடவுள் போய்விட்டார். நம் மனத்திலிருந்து போனாரா? "ஐயா தெய்வம் மாதிரி, நீங்கள் பார்த்துச் செய்யுங்கள்" என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்! தெய்வத்திடம் கேள்வி கேட்க முடியாது. மருத்துவரிடம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இப்போது நாம் சொல்ல வேண்டியதன் நடுப்பகுதிக்கு வந்துவிட்டோம். அண்ணனிடம் அறிவு இருந்தது. படித்தார், கேட்டார், எடை போட்டார். ஆயினும் கடைசி இரவில் அவர் கேட்டது, "பிழைப்பேனா" என்றன்று, "குற்றமா" என்று. மருத்துவமனையில் சேர்ந்த நாளில் எடை பார்த்த ஊழியர், எண்ணை ஏட்டில் எழுதிக்கொள்ளாமல் தாழ்வாரம் முழுதும் கேட்க உரக்கக் கூவினார். காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் தலை கவிழ்ந்தார். தாம் செய்துகொள்ளப் போவது மருத்துவம் என்று அவருடைய அறிவு சொன்னது. தாம் செலுத்தப் போவது தண்டம் என்று அவருடைய வெட்கம் சொன்னது. கோயிலில் மொட்டையடித்துப் பாவத்தைக் கழிப்பது போல, இங்கே இரைப்பையைக் கொடுத்துப் பழியைக் கழிப்பது! பரிகாரத்தை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் நாம். மருத்துவமனைக்குள் ஒரு பரிகாரக் கூடத்தை நாமே கட்டி வைத்திருக்கிறோம்.

இதில் உள்ள கேட்டைப் பாருங்கள். வெட்கம் முடிவெடுத்தால் கேள்வி கேட்காது. "எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? பின்னர் ஏதேனும் நேர்ந்தால் யார் பார்ப்பார்?" என்று கேட்காது. எவ்வளவு விரைவில், எவ்வளவு மலிவில் என்று மட்டும் கேட்கும். தேவையில்லாதவரை அதே வெட்கம் கத்திக்குத் துரத்தும். தேவையுள்ளவரை மருத்துவமனை வாயிலையே மிதிக்கவிடாமல் தடுக்கும். இரு வழியிலும் உயிர் போகும்.

வெட்கத்தை எப்படி வெல்வது என்பதற்கு நம்மிடம் வழிகாட்டி இல்லாமலில்லை. பெரியார் தம் முதுமையில் சிறுநீர் வெளியேறக் குழாயும் அதனோடு ஒரு கலமுமாக ஊர் ஊராகச் சென்றார். 1973 டிசம்பர் 19-இல் சென்னைத் தியாகராயர் நகரில் ஆற்றிய இறுதிப் பேருரை வரை அதனோடுதான் மேடையேறினார். உடல் நோயுறும், அதில் மறைக்க ஒன்றுமில்லை என்று அவர் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை, அமர்ந்திருந்ததே போதுமானதாயிற்று.

நாம் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் முடித்தால் இந்தக் கட்டுரை பொய்யாகும். நம் வகுப்பில் பருமனான ஒரு சிறுவன் இருக்கிறான். மற்றப் பிள்ளைகள் அவனை "மூட்டை" என்று அழைப்பார்கள். கடந்த ஆண்டு ஒரு நாள், பலகையில் விகாரப் புணர்ச்சி விளக்கிக்கொண்டிருந்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு குரல் அந்தப் பெயரைச் சொல்லிற்று. வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். அரை நொடிதான். அவன் அந்த அரை நொடியைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு அவன் நம்மிடம் ஐயம் கேட்டதில்லை. அண்ணன் கேள்வி கேட்ட இரவில் நம் வாயை அடைத்தது அறியாமையன்று, அந்தச் சிரிப்பு. அண்ணனைக் கூனவைத்தவர்களில் நாமும் ஒருவர்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் உண்டு. அளவறிந்து உண்ணச் சொன்னவர் வள்ளுவர் என்று அதைக் காட்டிப் பருத்தவரைப் பழிப்போர் அதன் கடைசிக் குறள் வரை படிப்பதில்லை. மருத்துவத்துக்கு நான்கு உறுப்பு என்று அங்கே வகுக்கிறார்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். நோயுற்றவரை முதலில் வைத்தார். குற்றக் கூண்டில் வைக்கவில்லை. நான்காவது இடம் நமக்குரியது. வீட்டாரும், தோழரும், ஆசிரியரும், தெருவும் சேர்ந்த இடம் அது. அந்த இடத்தில் நின்றுகொண்டு ஏளனம் பேசினால் மற்ற மூன்றும் நிறைவாக இருந்தும் மருத்துவம் குறைபட்டுப் போகும்.

அண்ணன் பள்ளிக்குத் திரும்பிவிட்டார். எடை இறங்கிக்கொண்டிருக்கிறது, மாடியேறி நின்றாலும் நாற்காலியைத் தேடுவதில்லை. "இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறீர்கள்" என்று பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டும் அவரைக் குத்துகிறது என்பதை நாம் அறிவோம். இதே மனிதர்தாமே முன்பும் இருந்தார்!

அண்ணா, உங்கள் கேள்விக்கு விடை இதோ. உடம்பு பருத்தது குற்றமன்று. அறிந்து, ஆய்ந்து, உங்கள் முடிவாக நீங்கள் செய்துகொண்ட அறுவையும் குற்றமன்று. அந்த இரவில் அப்படி ஒரு கேள்வியை உங்கள் நாவில் வைத்தவர்கள் நாங்கள். குற்றம் எங்களுடையது. அதற்கு அறுவை தேவையில்லை. நாளைக் காலை வகுப்புக்குள் நுழைந்ததும் அந்தச் சிறுவனை அவன் பெயர் சொல்லி அழைப்பதிலிருந்து தொடங்குகிறோம்.